ஐந்தாம் மேஜையின் நீலப்பொறி

அத்தியாயம் 3

"பேயைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் மதாம்?" என்று கேட்டார் கார்த் தொழிற்சாலை மேனேஜர் கோத்ரி, எலி பிடிக்க ஆள் கூப்பிட்டவர் மாதிரி.

"அது பேயைப் பொறுத்தது முசியே. சிலது கூப்பிட்டதும் வந்துடும். சிலது நம்ம ஒக்தாவ் மூஞ்சியைப் பாத்தா திரும்பிப் போயிடும்," என்றார் மதாம் ஒஸான்.

ஒக்தாவ் நான்தான். பாரிஸ் தெருக்களில் குதிரை வண்டி ஓட்டிக் கௌரவமாகப் பிழைத்தவன். இந்த மோட்டார் சனியன் வந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டது. குதிரையை விற்றுவிட்டு, துப்பறியும் மதாம் ஒஸானுக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். மதாம் முன்பு பெண்கள் சிறையில் சோதனைக்காரி. உள்ளே வருகிறவள் பாவாடை மடிப்பில் ஊசி வைத்திருக்கிறாளா, கொண்டைக்குள் கடிதம் வைத்திருக்கிறாளா என்று தடவிப் பார்ப்பதே வேலை. அந்த விரல்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

1908 நவம்பர். சேன் நதியிலிருந்து கிளம்பிய பனி, பாரிஸை ஒட்டிய புத்தோவின் தொழிற்சாலைப் புகையோடு கலந்து அறை ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. கோத்ரியின் மேஜையில் ஒரு வெள்ளைத் துணி. அதன் மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்பார்க் பிளக். அடியில் இரும்பு, மேலே வெள்ளைப் பீங்கான், உச்சியில் ஒரு திருகு. அந்தத் திருகின் கழுத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. ஒரு மனிதனைக் கொன்ற சாமான் என்று அதைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு மட்டும் அது எங்களையே பார்ப்பதுபோல் இருந்தது.

"கதையை ஒரு தடவை சொல்லிடுங்க," என்றார் மதாம்.

கோத்ரி சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் தெயோ என்ற ஓட்டுநர் ஒரு சின்ன ஒற்றைச் சிலிண்டர் காரை வெளியே எடுத்துப் போனான். நதிக்கரைச் சாலையிலிருந்து சரக்கு ரயில் பாதைக்கு ஏறும் மேட்டின் உச்சியில் எஞ்சின் நின்றது. வண்டி தண்டவாளத்தின் மேல். ரயில் வந்துவிட்டது. கூட இருந்த மெக்கானிக் பசீல் குதித்துக் கையை ஒடித்துக்கொண்டான். தெயோ தப்பவில்லை.

"ஒரு சிலிண்டர்னா ஒரே பிளக். அது செத்தா வண்டி செத்துது," என்றார் கோத்ரி. "இங்கே ஒவ்வொரு பிளக்கையும் இருட்டறையில பொம்பளைங்க சோதிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. தேறினதுக்கு ஆளுக்கு ஒரு நிறத்துல நூல் கட்டுவாங்க. நூல் இல்லாத பிளக்கோட எந்த வண்டியையும் வாசல்காரர் வெளியே விடமாட்டார். சிவப்பு நூல் யாருதுன்னு கேளுங்க."

"யாருது?"

"ஸெலி. செத்தவனோட பெண்டாட்டி."

அறை கொஞ்சம் சில்லிட்டது. எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை.

கோத்ரி பிளக்கை எடுத்து, மேஜை மேலிருந்த மின்சாரப் பெட்டியின் கம்பியில் மாட்டி விசையைத் தட்டினார். பெட்டி வண்டு மாதிரி இரைந்தது. பிளக்கின் நுனியில் கொழுகொழுவென்று நீலப்பொறி.

"அட, நல்லாத்தானே எரியுது!" என்றேன்.

"திறந்த காத்துல எல்லாம் எரியும். சிலிண்டர் உள்ளே காத்து நெருக்கியடிச்சு நிக்கும். அந்த அழுத்தத்துல இதுக்குப் பொறி வராது. பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாத கீறல். அதனாலதான் சோதனை மேஜையில பம்ப் அடிச்சுக் காத்தை அழுத்திப் பாக்கணும்னு சட்டம். அவ பம்ப் அடிக்கலை. சோம்பேறித்தனம். தேறினதுன்னு நூலைக் கட்டிட்டா." கோத்ரி ஒரு சுருட்டை எடுத்தார். கடிகாரச் சங்கிலியில் தொங்கிய குட்டிக் கத்தரிக்கோலால் அதன் நுனியைக் கச்சிதமாக வெட்டினார். "அவளே ஒத்துக்கிட்டா. சாயங்காலம் மாஜிஸ்திரேட்டோட ஆள் வர்றார், வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போக. அதோட அது முடிஞ்சுது. எனக்கு மிச்சம் இந்தப் பேய்தான். அவ உக்காந்திருந்த ஐந்தாம் மேஜை தானா எரியுதுன்னு பொம்பளைங்க உள்ளே போகமாட்டேங்கறாங்க."

மதாம் அந்தப் பிளக்கை முகர்ந்து பார்த்தார். நூலின் முனையை விரலால் நிமிர்த்திவிட்டார். அது நேராக நிற்கவில்லை. நெளிந்து நெளிந்து மறுபடியும் சுருண்டது. நிறமும் வெளிறியிருந்தது.

"எண்ணெயும் தண்ணியும் பட்டிருக்கும்," என்றேன்.

"இருக்கும்," என்று பிளக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கோத்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதாமின் பை மூடிவிட்டால் அது சிறைக்கதவு மாதிரி. யாரும் பேசிப் பயனில்லை.

ஸெலி தொழிற்சாலை வாசலில் கல் மேல் உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து இப்படி உட்காருகிறாளாம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. மடியில் தடித்த தோல் கோட்டு ஒன்று. அதைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் மதாம். விசாரணையை அவர் எப்போதும் அங்கேதான் ஆரம்பிப்பார்.

"உள்ளே விடச் சொல்லுங்க மதாம்," என்றாள் ஸெலி. "சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள ஒரு தடவை விடச் சொல்லுங்க. என் மேஜையில வந்து பொறி காட்டறான். கூப்பிடறான். வேற யாரைக் கூப்பிடுவான்?"

"நீங்க பம்ப் அடிக்காம விட்டீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாத்துக்கும் அடிப்பேன். ஆனா சிவப்பு நூல் இருந்துதே. அன்னிக்கு மேனேஜர் மேஜையில தூரத்துலேர்ந்து பாத்தேன். சிவப்பு. அதுக்கு மேல என் கண்ணு இருட்டிடுச்சு." கோட்டை இறுக்கிக்கொண்டாள். "நான்தான் மதாம் அவனைக் கொன்னேன். என் கையாலயே கட்டி அனுப்பியிருக்கேன்."

மதாம் கோட்டின் மேல் கை வைத்தார். விரல்கள் தாமாகவே காலரிலிருந்து கீழே இறங்கின. ஒவ்வொரு பொத்தானையும் தொட்டன. மேல் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொத்தல் மட்டும்தான் இருந்தது.

"இது எங்கே?"

"தெரியலை. ஆஸ்பத்திரியில கோட்டைக் கொடுக்கும்போதே இல்லை. தண்டவாளத்துல தேடினேன். தினமும் தேடறேன். போன வருஷம் இதே குளிர்ல நான் தச்ச பொத்தான். அது கிடைச்சா தச்சுட்டு அவன் கல்லறையிலயே வெச்சிடுவேன்."

"ரயில் தின்னுருக்கும்மா," என்றேன். வாயை அப்போதே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஸெலி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

இருட்டறைக்கு இரண்டு கறுப்புத் திரைகள். ஒன்றைத் தாண்டி, அது மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். பட்டப்பகலில் உள்ளே நட்டநடு ராத்திரி. பீங்கானில் கீறல் இருந்தால் அதன் வழியாக மின்சாரம் கசிந்து மெல்லிய நீலமாகத் தெரியுமாம். வெளிச்சம் இருந்தால் அது தெரியாது. அதனால்தான் இருட்டு. யாரோ ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள்தான் சிதோனி, மேஜைக்காரிகளில் மூத்தவள்.

"பயமா இருக்கா முசியே?"

"எனக்கா? என் கை ஏன் நடுங்குதுன்னா, அது உங்க கை."

இருட்டில் இரண்டு பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ரொம்ப நாளாகச் சிரிக்காத சிரிப்பு.

மதாம் கேட்டுக்கொண்டதால் சிதோனி ஒரு பிளக்கைச் சோதித்துக் காட்டினாள். மேஜை மேலிருந்த இரும்புச் சட்டியின் தலையில் திருகினாள். விசையைத் தட்டினதும் சட்டியின் பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜன்னலுக்குள் நீலப்பொறி. பிறகு பம்பை அடித்தாள். கிரீச், கிரீச் என்றது அது. அழுத்தம் ஏற ஏறப் பொறி மெலிந்தது. ஆனால் விடாமல் எரிந்தது. "தேறிடுச்சு," என்று விசையை அணைத்தாள். அதற்குப் பிறகு இருட்டில் 'நறுக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"என்னது அது?" என்றார் மதாம்.

"நூலைக் கட்டினேன்."

"கட்டினா சத்தம் வருமா?"

"கடிச்சேன் மதாம். இங்கே கத்தி, கத்தரிக்கோல் எதுவும் கொண்டுவரக் கூடாது. இருட்டுல கம்பியை வெட்டிட்டா ஆள் போச்சு. எல்லாரும் பல்லாலதான் அறுப்போம். எங்க முன்பல்லைப் பாத்தாலே ஊர்ல கண்டுபிடிச்சுடுவாங்க, இவ இருட்டறைக்காரின்னு."

"பேயை யார் பார்த்தீங்க?"

எல்லாரும் பார்த்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது, உள்திரையை விலக்கும் நேரத்தில், கோடியில் ஐந்தாம் மேஜை ஜன்னல் எரிந்துகொண்டிருக்கும். பெண்களின் மரக்காலணிச் சத்தம் கேட்டதும் அணைந்துவிடும். ஆள் யாரும் இருக்கமாட்டார்கள். இறந்தவர்கள் தினத்தன்று அந்த மேஜையில் ஒரு செவ்வந்திப் பூச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்களாம். மறுநாளும் எரிந்ததாம்.

"பொறி எப்படி இருக்கும்? மெலிஞ்சா, கொழுத்தா?"

சிதோனி யோசித்தாள். "கொழுத்து. நல்லா குண்டா."

"பம்ப் கிரீச்சுன்னு கேக்குமா?"

"இல்லை... கேட்டதில்லை."

"மூச்சு இருந்தாத்தானே பேய் காத்தடிக்கும்," என்றேன் நான்.

"உன் வாயிலேர்ந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல வார்த்தை வருது ஒக்தாவ்," என்றார் மதாம். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் மதாம் என் உள்ளங்கையில் இரண்டு பிளக்குகளை வைத்தார். ஒன்று கொலைகாரப் பிளக். இன்னொன்று பழைய கூடையிலிருந்து எடுத்தது, ஸெலி முன்பு தேற்றியது. இரண்டிலும் சிவப்பு நூல்.

"என்ன வித்தியாசம்?"

"ஒண்ணு புதுசு, ஒண்ணு வெளிறினது. அப்புறம் இது..." ஸெலியின் நூல்முனை பிய்ந்து, சப்பையாகி, இழை இழையாகப் பிரிந்திருந்தது. "நாய் கடிச்ச மாதிரி இருக்கு. இன்னொண்ணு நறுக்குன்னு வெட்டின மாதிரி..."

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"மதாம்! இது இருட்டறையில கட்டினதே இல்லை! யாரோ வெளிச்சத்துல உக்காந்து கத்தரிக்கோலால..." அந்தச் சுருட்டும் கடிகாரச் சங்கிலியும் ஞாபகம் வந்தன. "கோத்ரி! அந்தக் கடன்காரன்தான். கழிச்ச பிளக்குக்கு நூலைக் கட்டி ஒப்பேத்திட்டு, பழியை அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டான். பேயும் அவன்தான். பொம்பளைங்களை விரட்டிட்டுத் தடயத்தை அழிக்கப் பாக்கறான். போய்ப் புடிச்சுடலாமா?"

"கத்தரிக்கோல் வெச்சிருக்கறவன் எல்லாம் குற்றவாளின்னா முதல்ல என் தையல்காரியைப் பிடி," என்றார் மதாம். "இந்தச் சோதனை மேஜையை இங்கே வெச்சதே கோத்ரிதான். அவர் பேயா வந்தாலும் பம்ப் அடிச்சுட்டுத்தான் பொறி பாப்பார், பழக்கம் விடாது. பம்ப் அடிக்காம பொறி பாக்கறது யாருடைய பழக்கம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் குதிரைக்காரன்."

"ரோட்டுல கார் நின்னா ஓட்டறவங்க என்ன பண்றாங்க, பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேலேயே சாய்த்து வைத்து, முன்னால் கைப்பிடியைச் சுற்றுவார்கள். பொறி வந்தால் பிளக் நல்லது என்று மறுபடி மாட்டுவார்கள்.

"திறந்த காத்துல," என்றேன் மெதுவாக.

"திறந்த காத்துல," என்றார் மதாம். "நம்ம பேய் ரோட்டுக்காரப் பேய்."

நான் அறிந்தவரை அந்தக் கதையில் ரோட்டுக்காரன் ஒருவன்தான். அவன் மண்ணுக்குள் இருந்தான்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பிரான்ஸ் முழுக்க அந்த நேரத்தில் கையில் கரண்டியோடுதான் இருக்கும். இயந்திரம் நின்றது, சாமான் ஸ்டோரைப் பூட்டினார்கள், நாய்கூடக் குரைக்கவில்லை. ரொட்டியும் வெங்காய சூப்பும் மணக்க எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் காலி வயிற்றோடு இருட்டறையில், அறை ஜன்னல் மரக்கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதாம் எங்கே என்று தெரியவில்லை. "சும்மா நில்லு. நான் சொல்லும்போது கயித்தை இழு. வாயைத் திறந்தே, குதிரைக்குப் போட்ட கடிவாளத்தை உனக்குப் போடுவேன்," என்று சொல்லிவிட்டு இருட்டில் கரைந்துவிட்டார்.

செவ்வந்தி வாடும் வாசனை அறை முழுக்க இருந்தது. சாவு வீட்டு வாசனை. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் ஏதோ உரசியது. காலடி இல்லை. காலுறை போட்ட கால் தரையைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம். மூச்சு ஒன்று, விட்டு விட்டு. பிறகு இரும்பில் இரும்பு திருகும் ஓசை. ஒற்றைக் கையால் திருகுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வந்தது.

ஐந்தாம் மேஜையின் ஜன்னல் நீலமாக எரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தின் பாதி தெரிந்தது. கண்ணுக்கடியில் குழி. உதடு அசைந்தது. "எரியுதே," என்றது. "எரியுதே அண்ணே, இப்பவும் எரியுதே..." அந்தக் குரலைக் கேட்டு என் தலைமயிர் தொப்பியைத் தூக்கிவிட்டது. மனிதன் அப்படி அழமாட்டான் என்றுதான் அப்போது தோன்றியது.

கிரீச்.

பம்ப் தானாக அசைந்தது. கிரீச், கிரீச். ஜன்னலுக்குள் பொறி ஒடுங்கியது, நூலாக மெலிந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து துடித்தது. இன்னும் ஒரு கிரீச். அணைந்துவிட்டது.

இருட்டில் ஓர் அலறல்.

"இழு!" என்றார் மதாம்.

கயிற்றைப் பிய்த்து எறிகிற மாதிரி இழுத்தேன். பனி படிந்த மதிய வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஐந்தாம் மேஜைக்கு அடியிலிருந்து, பம்பின் பிடியைக் கையில் வைத்தபடி மதாம் ஒஸான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேஜைக்கு முன்னால், இடது கையைத் துணித்தொட்டிலில் மாட்டிய ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் ஒரு பிளக். பக்கத்தில், தேறாததைப் போடும் கழிவுப்பெட்டியிலிருந்து எடுத்த பிளக்குகள் சிதறிக் கிடந்தன.

குதித்து உயிர் தப்பிய மெக்கானிக், பசீல்.

"ஏன் அணைஞ்சுது?" என்று கேட்டான். எங்களைப் பார்த்துப் பயப்படக்கூட இல்லை. "தினமும் எரிஞ்சுதே. இதுல எதை மாட்டினாலும் எரியுதே. அன்னிக்கும் எரிஞ்சுதே. அப்புறம் ஏன்..."

"காத்தை அழுத்தினேன். உங்க சிலிண்டர் மேடு ஏறும்போது அழுத்தின மாதிரி," என்றார் மதாம். சிறையில் அழுகிறவர்களிடம் பேசிப் பழகிய குரல். "சமதரையில ஓடியிருக்கும். மேட்டுல எரிபொருளைக் கூட்டினதும் செத்திருக்கும். இல்லையா?"

பசீல் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நூல் எங்கேர்ந்து வந்துதுன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

மதாம் பையிலிருந்து கொலைகாரப் பிளக்கை எடுத்து, வெளிச்சத்தில் நூலைப் பிடித்தார்.

"சுருளிலேர்ந்து எடுத்த நூல் நேரா இருக்கும். இது நெளிஞ்சிருக்கு. ரொம்ப நாள் பொத்தலுக்குள்ள போய் வந்து இருந்த நூல்தான் இப்படி நெளியும். மழையும் வெயிலும் பட்டு வெளிறியிருக்கு. கத்தியால வெட்டியிருக்கு. வாசல்ல ஒரு பொண்ணு தோல் கோட்டை மடியில வெச்சுட்டு மேல் பொத்தானைத் தேடிக்கிட்டிருக்கா. மத்த பொத்தானெல்லாம் இதே சிவப்பு நூல்ல தச்சிருக்கு. ஒரு மனுஷன் போட்டிருக்கிற கோட்டுப் பொத்தானை அவனைக் கேக்காம யாரும் அறுக்க முடியாது ஒக்தாவ். கோத்ரியாலயும் முடியாது."



பசீல் அழுதுகொண்டே சொன்னான். அன்று செயின்ட் குளூ என்ற ஊரில் ஒருவருக்கு வண்டியைக் காட்ட வேண்டும். புறப்படும் நேரத்தில் பிளக் எண்ணெய் குடித்து மக்கர் செய்தது. மதிய நேரம். ஸ்டோர் பூட்டு. சாப்பிடுகிறவனை எழுப்பிச் சாவி கேட்கிற பழக்கம் அங்கே எவனுக்கும் இல்லை. இவன்தான் இருட்டறைக்குள் போய் ஸெலியின் கழிவுப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். தெயோ எஞ்சின் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தான். ஜோரான பொறி.

"அண்ணன் சிரிச்சாரு மதாம். 'இதையா கழிச்சா? வீட்டுல நான் வெக்கிற சூப்பையும் இப்படித்தான் கழிப்பா'ன்னாரு. நூல் இல்லாம வாசல்ல விடமாட்டாங்களேன்னேன். என் கத்தியை வாங்கி, கோட்டுப் பொத்தானை அறுத்து, அந்த நூலைப் பிளக்குல கட்டிட்டுப் பொத்தானை என்கிட்ட கொடுத்தாரு. 'ராத்திரி திட்டிக்கிட்டே தச்சுக் கொடுப்பா'ன்னு சொல்லிட்டு..." அவன் பையைத் துழாவினான். "தண்டவாளத்துல நின்னதும் நான் குதிச்சேன். வாண்ணே, வாண்ணேன்னு கத்தினேன். முன்னால இறங்கிக் கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருந்தாரு. 'பொறி வருதுடா, நான் பாத்தேன்'னு சொன்னாரு. சொல்லிக்கிட்டே இருந்தாரு."

உள்ளங்கையை விரித்தான். கறுப்புக் கொம்புப் பொத்தான் ஒன்று. அதன் கண்ணில் சிவப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"இதை அக்காகிட்ட கொடுக்கப் போனேன். கால் வரலை. எடுத்துக் கொடுத்தவன் நான்தானே. பொறி ஏன் வரலைன்னு தெரிஞ்சுதுன்னா சொல்லிடலாம்னு..."

"முட்டாளே," என்றேன்.

திரைக்கு வெளியே மதாம் கொஞ்சம் நின்றார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை.

"சொன்னா புருஷன் மேல கோபம் வரும், ஒக்தாவ். செத்தவன் மேல கோபப்பட்டுட்டு எங்கே போய்ச் சொல்லுவா? சொல்லாட்டி அவளே கொன்னதா நினைச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போவா. எதைத் தாங்குவா?"

"கோபத்தைத் தாங்குவா மதாம். என் பெண்டாட்டி கல்யாணம் ஆனதுலேர்ந்து தாங்கறா."

மதாம் என் தோளைத் தட்டினார். வாசலுக்குப் போய் ஸெலியின் பக்கத்தில், அந்தக் குளிர்ந்த கல்லிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மெழுகவில்லை. பசீல் கொஞ்சம் தள்ளி நின்றான். சாப்பிட்டு முடித்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். கோத்ரியும் கையில் அந்த வாக்குமூலக் காகிதத்தோடு வந்து, கேட்டு, அதை நாலாக மடித்தார். கத்தரிக்கோலைத் தேடாமல் கையாலேயே கிழித்தார். அந்த மனிதரைக் கடன்காரன் என்று சொன்னதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"அப்போ," என்றாள் ஸெலி, "நான் அதைக் கழிச்சேனா?"

"கழிச்சீங்க."

"பம்ப் அடிச்சேனா?"

"அடிச்சீங்க. கீறலைக் கண்டுபிடிச்சீங்க. கழிவுப்பெட்டியில போட்டீங்க. உங்க கை தப்பு பண்ணலை."

பசீல் பொத்தானை நீட்டினான். அவள் அதை வாங்கி, கண்ணருகே வைத்து, வெட்டுப்பட்ட அந்தச் சிவப்புத் துணுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அவனுடைய ஒடிந்த கையைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

"உள்ளே போகணும்," என்றாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

எல்லோரும் இரண்டு திரைகளையும் தாண்டியதும் சிதோனி அறை ஜன்னலை மூடினாள். மறுபடியும் இருட்டு. ஸெலி தட்டுத்தடுமாறாமல் ஐந்தாம் மேஜைக்குப் போவது கேட்டது. மதாம் அந்தப் பிளக்கை அவள் கையில் கொடுத்தார். திருகும் ஓசை. விசை. நீலப்பொறி கொழுத்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் ஜன்னலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியுதுல்ல?" என்றாள். "இதைப் பாத்துத்தானே சிரிச்சே?"

கிரீச். கிரீச். கிரீச். பொறி மெலிந்தது. சாய்ந்தது. செத்தது. முகமும் போய்விட்டது.

"இப்போ பாரு," என்றது இருட்டில் அவள் குரல். "ஒண்ணுமே இல்லை. பாத்தியா? நான் சொல்றதை என்னிக்காவது கேட்டியாடா நீ? ஒரு நாளாவது கேட்டியா?"

குரல் உடைந்துவிட்டது. மூன்று வாரமாக வராத அழுகை அது. யாரும் பக்கத்தில் போகவில்லை. சிதோனியின் மூக்கு உறிஞ்சல் கேட்டது. என் மூக்கும்தான், மறைத்துப் பயனில்லை.

வெகுநேரம் கழித்துப் பிளக்கைக் கழற்றும் சத்தம். அதன் பிறகு கழிவுப்பெட்டியில் அது போய் விழுந்தது, டங் என்று.

பிறகு ஊசி கோட்டின் தோலைக் குத்துகிற மெல்லிய சத்தம். அந்த இருட்டில் வெளிச்சம் வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியாக 'நறுக்' என்று ஒரு கடி. அவள் எழுந்து கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே, கல்லறைப் பக்கமாக நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.